ஈரத்தின் கணக்கு

ஓசூர் சிப்காட்டில் பெயின்ட் ஷாப் வேலை பார்த்த யாருக்கும் சிலேன் புதிதல்ல. தகட்டைக் கழுவிய பிறகு, பெயின்ட் ஏறுவதற்கு முன், ஒரு தொட்டியில் முக்கி எடுப்பார்கள். முன்பு அந்த இடத்தில் பாஸ்பேட் தொட்டி இருந்தது. இப்போது பல லைன்களில் சிர்கோனியமும் சிலேனும் அந்த வேலையைச் செய்கின்றன. காரின் முன்கண்ணாடியை ஒட்டும் முன் ஓரத்தில் தடவுகிற ப்ரைமரில் சிலேன் இருக்கிறது. ஃபவுண்டரியில் மணலைப் பிணைக்கும் ரெசினில் இருக்கிறது. கண்ணாடி இழையும் ரெசினும் வருடக்கணக்கில் பிரியாமல் இருப்பதும் அதனால்தான். நடுவில் ஒரு சிலிக்கன் அணு, ஒரு பக்கம் கண்ணாடியையும் உலோகத்தையும் பிடிக்கிற கை, மறுபக்கம் ரெசினைப் பிடிக்கிற கை: சிலேன் என்றால் இவ்வளவுதான்.

இந்தத் தொழிலிலேயே வயதேறிய நான் இப்போது சிலேனைப் பூசுவது வேறொன்றின் மீது. கண்ணாடியில் படிந்த, அரை மைக்ரான் தடிமனே உள்ள கறுப்புப் படலம் அது. பெயர் ஹாலைடு பெரோவ்ஸ்கைட். ஈயமும் அயோடின் அல்லது புரோமினும், கூடவே சீசியமோ ஃபார்மமிடினியமோ மீத்தைல் அம்மோனியமோ சேர்ந்த உப்பு. வெயிலை மின்சாரமாக்கும் பொருள்களில் இத்தனை வேகமாக முன்னேறியது இன்னொன்று கிடையாது. 2009-ல் ஜப்பானில் மியாசகா குழு இதை வைத்துச் செய்த செல், விழுந்த ஒளியில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று இதன் தனிச் செல் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கன் செல்லின் மேல் இதை அடுக்கிய இரட்டைச் செல்லில் சீனாவின் லோங்கி நிறுவனம் 2024-ல் 34.6 சதவீதத்தை எட்டியது. திறன் விஷயத்தில் எனக்குக் கவலை இல்லை. அந்தப் படலம் எத்தனை காலம் கறுப்பாகவே இருக்கும் என்பதுதான் என் கவலை.

கெட்டுப்போனால் அது மஞ்சளாகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மஞ்சளைக் கண்டதும் தூக்கிப் போடப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை, ஏனென்றால் மஞ்சளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஈய அயோடைடு. மீத்தைல் அம்மோனியம் உள்ள படலத்தில் ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பகுதி பிரிந்து ஆவியாகிவிடும். மிஞ்சுவது ஈய அயோடைடு மட்டும். போனது போனதுதான். இன்னொரு மஞ்சளில் சரக்கு எதுவும் குறைந்திருக்காது, அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் மாறியிருக்கும். ஃபார்மமிடினியம் ஈய அயோடைடும் சீசியம் ஈய அயோடைடும் அறை வெப்பத்தில் இயல்பாக விரும்புவது இந்த மஞ்சள் அடுக்கைத்தான். சூடேற்றிக் கறுப்பாக்கி, அந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறோம். கொஞ்சம் ஈரம் பட்டால் பிடி நழுவிவிடும்.

ஃபார்மமிடினியப் படலம் இப்படி மஞ்சளானால், ஹாட் பிளேட்டில் 150 டிகிரியில் வைத்தால் கண்ணெதிரே ஓரத்திலிருந்து கறுப்பு திரும்பி வரும். சீசியத்துக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈய அயோடைடு எவ்வளவு சூடேற்றினாலும் கறுப்புக்குத் திரும்பாது. வெறும் கண்ணுக்கு இரண்டு மஞ்சளும் ஏறத்தாழ ஒன்றுதான். எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்தால் பிரிந்துவிடும்: ஈய அயோடைடின் கோடு 12.7 டிகிரியில் எழும். ஃபார்மமிடினியத்தின் மஞ்சள் நிலை 11.8-ஐ ஒட்டி, நல்ல கறுப்பு 14-ஐ ஒட்டி. எந்த மஞ்சள் என்று தெரியாமல் எந்தச் சிலேன் என்று யோசிக்கவே கூடாது. முதலாவதில் உள்ளே இருப்பது வெளியேறும் வழியை அடைக்க வேண்டும். இரண்டாவதில் ஈரம் முதலில் வந்து தொடுகிற பழுதான இடங்களைத் தேடி மூட வேண்டும். வைத்தியம் வேறு வேறு.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் இந்தச் சோதனைக்கென்றே அமைந்த ஊர்கள் என்று நினைக்கிறேன். ஓசூர் மேட்டு நிலம். ஏறக்குறைய பெங்களூரு வானிலை. சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை இறங்க இறங்கச் சூடு ஏறும். கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தால் வெயிலே வேறு. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சோதனைக்களம். ஏப்ரல் மாதம் கிருஷ்ணகிரி மொட்டை மாடியில் வைத்த சோலார் பேனலின் சூடு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். மீத்தைல் அம்மோனியம் ஈய அயோடைடு 55 டிகிரியை ஒட்டித் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். காலையில் ஒரு அமைப்பு, உச்சி வெயிலில் இன்னொன்று, பொழுது சாய்ந்ததும் பழையபடி முதல் அமைப்பு. இப்படித் தினம் ஒரு முறை விரிந்து சுருங்கும் படலத்தில், படிகமும் படிகமும் சேரும் எல்லைகளில்தான் முதல் விரிசல் விடும். அந்தச் சமயத்தில் கோடை மழை வரும். பிறகு ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் வரை விட்டுவிட்டு ஈரம். வெளிநாட்டு ஆய்வகத்தில் நைட்ரஜன் பெட்டிக்குள் அளந்த ஆயுளை இங்கே யாரும் நம்பி வாங்க முடியாது.

எங்கள் லேபுக்குப் படலங்கள் பெங்களூரு ஆய்வகம் ஒன்றிலிருந்து, நைட்ரஜன் நிரப்பி ஒட்டிய உறையில் வரும். வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நிற்கும் நேரத்தையும் உறைமீது குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவும் படலத்தின் வயதில் சேர்த்திதான்.

இனி வேலைக்கு வருகிறேன். சிலேனின் கை திறக்கத் தண்ணீர் வேண்டும். சிக்கல் முழுவதும் இதில் இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் உள்ள ஈடுபாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. பாட்டிலில் இருக்கும்போது சிலிக்கனைச் சுற்றி மூன்று மெத்தாக்சியோ எத்தாக்சியோ மூடியிருக்கும். தண்ணீர் பட்டால் அவை மெத்தனாலாக, எத்தனாலாகக் கழன்று போகும். அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வரும். பிறகு அடுத்தடுத்த மூலக்கூறுகள் தண்ணீரை உதறிவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன் என்று வலையாகும். அந்தச் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 450 கிலோஜூல் வேண்டும். கார்பன்–கார்பன் பிணைப்புக்கு 350 அளவு போதும். மணல் மணலாகவும் கிருஷ்ணகிரி கிரானைட் கல்லாகவும் நிற்பது இந்தப் பிணைப்பினால்தான். வெயிலுக்கும் புற ஊதாக் கதிருக்கும் அசையாத ஒன்றை இந்தப் படலத்தின் மேல் போர்த்த முடியுமானால் அதைவிட நல்லது எது?

தகட்டு வேலையில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. தொட்டி முழுக்கத் தண்ணீர், அதில் ஓரிரு சதவீதம் சிலேன். பெரோவ்ஸ்கைட்டிலோ தண்ணீர்தான் எதிரி. வலை பின்னத் தேவையான ஈரம் வேண்டும், படிகம் கரையும் அளவுக்குக் கூடாது. 2016-ல் வந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான வழி காட்டியது. பெரோவ்ஸ்கைட் நுண்படிகங்களைத் தண்ணீரே சேர்க்காத டொலுவீனில் மிதக்கவிட்டு, டெட்ராமெத்தாக்சி சிலேனைச் சேர்த்தார்கள். ஆய்வகத் தர டொலுவீனில் இயல்பாகவே கலந்திருக்கும் துளியிலும் துளியான ஈரம் மட்டுமே வலை பின்னப் போதுமானதாக இருந்தது. படிகங்கள் சிலிக்கா உருண்டைகளுக்குள் பத்திரமாக அடைபட்டன. அதைப் படித்த நாளிலிருந்து கரைப்பான் டப்பாவின் லேபிளில் தூய்மைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் ஈர அளவைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். "ரொம்ப உலர்ந்த" கரைப்பான் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கை இந்த வேலைக்குப் பொருந்தாது. அளவு தெரிந்த ஈரம் இருந்தால் அதை வைத்து வேலை செய்யலாம்.

கழன்று போகும் ஆல்கஹாலும் சும்மா இருக்காது. மெத்தனால் இந்தப் படலத்துக்கு ஆகாது. மீத்தைல் அம்மோனியம் உப்பை அது கரைத்து இழுத்துவிடும். மெத்தாக்சி சிலேன் வேகமாகத் திறக்கும், கூடவே மெத்தனாலை விடும். எத்தாக்சி மெதுவாகத் திறக்கும், விடுவது எத்தனால். அவசரத்துக்கு மெத்தாக்சி, பொறுமைக்கு எத்தாக்சி என்று பெயின்ட் ஷாப்பில் பழகியதை இங்கே வேறு கணக்கில் யோசிக்க வேண்டும்: எது கழன்றாலும் அது படலத்தின் மீது எவ்வளவு நேரம் தங்கும்?

அமினோ சிலேன் தனி ரகம். மற்ற சிலேன்களுக்குத் தண்ணீரில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டுப் புளிப்பேற்றினால்தான் ஒழுங்காகத் திறக்கும். அமினோ சிலேனுக்கு அது வேண்டாம். தன் வாலில், அதாவது மறுபக்கக் கையில், இருக்கும் அமீனே அதற்கு ஊக்கி. அதனால்தான் அதைக் காப்பாற்றி வைப்பதும் கடினம். மூடி சரியாக இறுகாத பாட்டிலின் வாயில் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டியிருக்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு அமீன் சேர்ந்து உண்டான உப்பு அது.

"சார், பாட்டில் வாய்ல வெள்ளையா கட்டியிருக்கு. துடைச்சிட்டு எடுத்துக்கலாமா?" என்று லேபில் இருக்கும் பையன் கேட்பான்.

"வேணாம்பா. அதை ப்ரைமர் வேலைக்கு ஒதுக்கி வை. இதுக்குப் புதுசு ஒண்ணு உடை."

கண்ணாடி ஒட்டும் வேலையில் அந்தப் பொருக்கு ஒரு பொருட்டே இல்லை. அரை மைக்ரான் படலத்தின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு விரிப்பு விரிக்கும்போது, பாதி அமீன் ஏற்கெனவே உப்பாகிப்போன சிலேன் பாதி வேலைதான் செய்யும். எங்கள் லேபில் சிலேன் பாட்டில்கள் சிறியவை. உடைத்த தேதி எழுதி, டெசிகேட்டரில், சிலிக்கா ஜெல்லின் நிறம் பார்த்து மாற்றி வைத்திருக்கிறோம்.

சரி, அமினோ சிலேன் அங்கே என்னதான் செய்கிறது? படலத்தின் மேற்பரப்பில் அயோடின் இல்லாத காலி இடங்கள் இருக்கும். அங்கே ஈய அணு தனக்கு வேண்டிய துணை இல்லாமல் வெறுமையாக நிற்கும். மின்சாரமாக வேண்டிய எலக்ட்ரான் சிக்கி வீணாவது அங்கேதான். ஈரம் முதலில் நுழைவதும் அங்கேதான். அயனிகள் இடம்பெயர்ந்து ஓடுவதும் அந்த வழியாகத்தான். அமீனில் உள்ள நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையை அந்த ஈயத்துக்குக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் சிலிக்கன்கள் தங்களுக்குள் கோத்துக்கொள்ளும். தனியாக ஒட்டிய அமீன் சூட்டில் கழன்று விடலாம். பக்கத்தில் இருப்பதோடு கோத்துக்கொண்டது அவ்வளவு சீக்கிரம் கழலாது.

2024-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஸ்னேத் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணுக்குத் தெரியும்படி நிரூபித்தது. அமினோ சிலேன் ஏற்றிய செல்களை 85 டிகிரியில், முழுச் சூரிய ஒளியில், 50 முதல் 60 சதவீத ஈரப்பதம் உள்ள சாதாரணக் காற்றில் வைத்தார்கள். 1500 மணி நேரத்துக்கு மேலாகியும் உச்சத் திறனில் 95 சதவீதம் நின்றது. அதில் பேசப்படும் ஒரு மூலக்கூறின் பெயரைப் படித்ததும் எழுந்து அலமாரிக்குப் போய் லேபிளைப் பார்த்தேன். ஒரே வாலில் இரண்டு அமீன் கொண்ட டிரைமெத்தாக்சி சிலேன். ஷின்-எட்சு நிறுவனத்தின் பட்டியலில் கே.பி.எம்-603, டௌ நிறுவனம் விற்ற பெயரில் இசட்-6020. ஒட்டுவேலைக்காரர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சரக்கு. உலகத்தின் உச்சியில் இருக்கும் ஓர் ஆய்வகம் தேடிக்கொண்டிருந்த பொருள் எங்கள் தட்டில் ப்ரைமர் பாட்டில்களுக்கு நடுவே இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி.

பூசுவதற்குத் தெளிப்பும் முக்கலும் சரிப்படாது. ஆவியாகக் கொடுப்பதே எனக்குப் பிடித்த முறை. படலத்தை வெற்றிட டெசிகேட்டரில் வைத்து, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் சில துளி சிலேன் விட்டு, காற்றை இறக்கி, மெல்லச் சூடு காட்ட வேண்டும். கரைப்பான் இல்லாததால் படலம் நனையாது. மேற்பரப்பில் இடம் கிடைக்கும் அளவுக்கே சிலேன் ஒட்டும். அதிக நேரம் விட்டால் வேறு பிரச்சினை. முதல்நிலை அமீன் ஃபார்மமிடினியத்தோடு வினைபுரியத் தொடங்கும். காப்பாற்ற வந்ததே கடிக்க ஆரம்பித்துவிடும். தடிமன் ஏறினால் மின்சாரமும் வெளியே வராது, ஏனென்றால் சிலிக்கா வலை மின்சாரத்தைக் கடத்தாது. சோலார் செல்லில் அது ஓரிரண்டு நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்குக்கும் திரைக்கும் பயன்படும் பச்சை, சிவப்பு நுண்படிகங்களின் கதை இதற்கு நேர்மாறு. அவற்றிலிருந்து வெளியே வர வேண்டியது ஒளி மட்டும்தான். சிலிக்கா ஒளியைத் தாராளமாக விடும். எவ்வளவு தடிமனாக வேண்டுமானாலும் போர்த்தலாம். வாகன விளக்குகள் செய்யும் ஊர்ப்பக்கத்துச் சிறு தொழிற்சாலைகள் இந்தத் துறைக்குள் நுழைய விரும்பினால், சோலார் செல்லைவிட இந்த வாசல்தான் அகலமானது என்பது என் கணிப்பு.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே நேராகச் சொல்லிவிட வேண்டும். சிலேன் போட்டாயிற்று, இனித் தண்ணீர் உள்ளே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். அமினோ சிலேன் தண்ணீரை விரட்டுவதில்லை. அமீனுக்குத் தண்ணீர் பிடிக்கவே செய்யும். துளி விட்டுப் பார்த்தால் தெரியும், முத்தாக நிற்காமல் பரவும். அது பழுதைத் தைக்கும், அவ்வளவுதான். தண்ணீரை விரட்ட நீண்ட கார்பன் வால் உள்ள ஆக்டைல் சிலேனோ ஃபுளூரின் சிலேனோ மேலே வர வேண்டும். அதற்கும் மேலே முறையான உறை வேண்டும்.

உறையில்தான் கடைசி நேரத்தில் காரியம் கெடுகிறது. சிலிக்கன் பேனல்களில் வழக்கமாகப் பயன்படும் ஈ.வி.ஏ. தாள் காலப்போக்கில் அசிட்டிக் அமிலம் விடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கோன் சீலண்டும் உலரும்போது அதே அமிலத்தைத்தான் விடும். ஈய உப்புக்குப் பக்கத்தில் இரண்டும் ஆகாது. அப்படியானால் எதையும் வெளிவிடாத, பிளாட்டினம் ஊக்கி போட்ட சிலிக்கோன் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். நல்லதுதான், ஆனால் பிளாட்டினத்துக்கு அமீன் நஞ்சு. அடியில் அமினோ சிலேன் மிச்சம் இருந்தால், அதன் மேல் ஊற்றிய சிலிக்கோன் தொடும் இடத்தில் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். இது வேதியியல் புத்தகத்தில் ஓரமாக இருக்கும். வார்ப்பு வேலை செய்த கைக்கு உடனே பிடிபடும். பியூட்டைல் ரப்பர் ஓரச் சீலும் பாலியோலிஃபின் தாளும் வைத்துச் செய்வதே இன்றைக்குப் பாதுகாப்பு.

ஈயத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். அரை மைக்ரான் படலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஈயம்தான் இருக்கிறது. ஒரு கார் பேட்டரியில் இருப்பதோ பத்து கிலோ அளவில். ஆனால் பேட்டரி திரும்பி வரும் வழி ஊருக்குத் தெரியும். மாடியில் உடைந்த பேனலுக்கு அந்த வழி இல்லை. ஈய அயோடைடு மழையில் கொஞ்சம் கரையவும் செய்யும். தென்பெண்ணை ஆற்றில் ஏற்கெனவே என்னென்ன கலக்கிறது என்பதைக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் நாள்களில் பார்த்தவர்கள் நாம். நிலைத்தன்மையும் சுற்றுச்சூழலும் எனக்கு ஒரே வேலையின் இரண்டு பெயர்கள். சிதையாத படலம் ஈயத்தை வெளியே விடாது.

ஒரு பேனல் சந்தைக்கு வர ஐ.இ.சி. 61215 தரத்தின்படி 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் தாங்க வேண்டும். மைனஸ் 40-க்கும் 85 டிகிரிக்கும் இடையே 200 முறை போய் வர வேண்டும். அது நுழைவுச் சீட்டுதான். சிலிக்கன் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் கொடுக்கிறார்கள். 1500 மணி நேரம் என்பது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். ஆக்ஸ்ஃபோர்டு முடிவை நான் மதிக்கிறேன்; அதே சமயம் இடைவெளி எவ்வளவு என்பதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். திறன் எத்தனை சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில் என்று சொல்லாத விவரத்தாளை எங்கள் லேபில் யாரும் ஏற்க மாட்டோம். நீங்களும் ஏற்காதீர்கள்.

கண்ணாடியில் மெல்லிய படலம் ஏற்றிச் சோலார் பேனல் செய்யும் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலாரின் காட்மியம் டெல்லுரைடு ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்திலும் பெரோவ்ஸ்கைட் வேலை தீவிரமாக நடக்கிறது. இல்லாதது, நம் வெயிலிலும் நம் மழையிலும் வருடக்கணக்கில் வைத்து எடுத்த ஆயுள் கணக்கு. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்கும் கிருஷ்ணகிரி, ஓசூர் பாலிடெக்னிக்குகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மாடியில் ஒரு சட்டம் போடுங்கள். சிலேன் ஏற்றிய படலங்களையும் ஏற்றாத படலங்களையும் முறையாகச் சீல் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சூடு, ஈரம், நிறம் மூன்றையும் தினமும் எழுதுங்கள். படலம் தர பெங்களூருவில் ஆய்வகங்கள் இருக்கின்றன. சிலேனை எப்படிக் கையாள்வது என்று கற்றுத்தர சிப்காட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் தொடங்கினால் ஒரு முழு வெயிலும் ஒரு முழு மழையும் கணக்கில் வந்துவிடும்.